மூக்குக்குப் போகாத கை

ஒரு படத்தில் நான் வருகிறேன். வசனம் கிடையாது. கடைசியில் பெயர் போடுகிற இடத்திலும் நான் கிடையாது. மேசை துடைக்கிற துணியோடு நிற்கிறேன், அவ்வளவுதான். என்னைச் சுற்றி இருக்கிற எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். நான் பொத்தவில்லை.

ஏன் பொத்தவில்லை என்று நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதற்குப் பதில் ஒரு தடவை எழுதி வைக்கிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். முடிந்த அளவு எழுதுகிறேன்.

நான் கருவாட்டுக்காரி. வீடு நெட்டுக்குப்பத்தில். விடியும்போது காசிமேட்டில் மீன் எடுத்து வருவேன். கழுவி, உப்புப் போட்டு, பழைய வலையை விரித்து அதன் மேல் காயப்போடுவேன். மணலில் போடமாட்டேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கரண்ட் எடுக்கிற புகைபோக்கிகள் நிற்கின்றன. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் சாம்பல் விழும். தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். காற்று மாறினால் திறக்க வேண்டும். காக்காய் ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம். கருவாடு தானாகக் காய்கிறது என்று நினைப்பவர்கள் காயப்போட்டுப் பார்த்ததில்லை. காய்ந்ததைக் கொண்டுபோய் காசிமேட்டில் கடை போட்டு விற்பேன். மீந்தால் கூடையோடு பஸ் ஏறி, பாரீஸ் என்று நாங்கள் சொல்கிற பாரிமுனைப் பக்கம் போவேன்.

நெத்திலிக் கருவாடு நல்லதா என்று பார்க்க இரண்டு வழி உண்டு. தலையைக் கிள்ளினால் பொடுக்கென்று சத்தம் வர வேண்டும். வயிறு வெடித்திருக்கக் கூடாது. வயிறு வெடித்திருந்தால் மீன் கெட்ட பிறகு காயப்போட்டது என்று அர்த்தம். அதுதான் நாறும். என் கருவாடு நாறாது. அதற்கு வாசனை உண்டு. நாற்றம் வேறு, வாசனை வேறு.

இதை பஸ்ஸில் யாருக்கும் சொல்ல முடிந்ததில்லை. கூடையோடு ஏறியதும் ஜன்னல்கள் திறக்கும். கர்ச்சீப்புகள் வெளியே வரும். பக்கத்து சீட்டில் இருப்பவர் எழுந்து போவார். நான் அந்த இடத்தில் வசதியாக உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாள் நன்றாக உடுத்தியிருந்த ஒரு பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சொன்னாள்.

“கொஞ்சம் பின்னாடி போய் உக்காருங்களேம்மா. ஸ்மெல் அடிக்குது.”

“அடிக்கும்மா. பாரீஸ் வந்ததும் எறங்கிக்க” என்றேன்.

முப்பது வருஷமாக நான் பின்னாடி போனதில்லை.

படக் கம்பெனி ஆள் ஒருவர் காசிமேட்டில் என் கடைக்கு வந்தார். தாடி வைத்த இளைஞர். டைரக்டருக்கு உதவியாளராம்.

“அக்கா, நல்லா நாறுற கருவாடு வேணும்.”

“நாறுறது என்கிட்ட இல்ல நைனா. அதுக்கு வேற எட்த்துக்குப் போ.”

“சினிமாவுக்குக்கா.”

“சினிமால நாத்தம் வருமா?”

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “பாத்தா நாறுற மாதிரி இருக்கணும்கா” என்றார்.

“பாத்தே நாறுதுன்னா அது கண்ணுல கீற கோளாறு. மீன இன்னா சொல்றது?”

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். அவள் சுறாக் கருவாடு விற்பவள். வாய் ஓயாது. இருபது வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். “நீ கதய சொல்லு நைனா. கத புட்ச்சா சரக்கு குடுக்கறோம்” என்றாள்.

அவர் சொன்னார். ஒரு காலேஜ். வடகிழக்கில் மலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அங்கே படிக்க வருகிறாள். முகம் வேறு மாதிரி, பேச்சு வேறு மாதிரி. பசங்க கிண்டல் பேர் வைக்கிறார்கள். ஒரு நாள் ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் தன் ஊர்க் கருவாட்டை வறுக்கிறாள். எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். அங்கே தொடங்குகிற சண்டையில் காலேஜே இரண்டாகப் பிரிகிறது. நிறம், மூஞ்சி, ஊர் என்று அடித்துக்கொள்கிறார்கள்.

கதை பொய்யில்லை என்று தோன்றியது. நெத்திலி கொடுக்கிறேன் என்றேன். இருப்பதில் நல்லதாகப் பொறுக்கி எடுத்து வைத்தேன். அவர் கேட்டதற்கு நேர் எதிர். கெட்டதைக் கொடுத்துப் பழக்கமில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறவர்களாக நிற்க ஐந்து பெண்கள் வேண்டும் என்றார். பக்கத்துக் கடைக்காரி எனக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டாள். மற்ற மூன்று பேரையும் அவளே பிடித்தாள்.

ஷூட்டிங் தண்டையார்பேட்டையில். முன்பு கிடங்காக இருந்து பூட்டிக் கிடந்த கட்டடம். வெளியே காலேஜ் போர்டு மாட்டியிருந்தார்கள். மாணவர்களாக நடிக்க வந்த பிள்ளைகளுக்குப் புதுத் துணி கொடுத்தார்கள், மேக்கப் போட்டார்கள். உடை கொடுக்கிறவர் எங்கள் ஐந்து பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

“இவங்க அப்படியே இருக்கட்டும். கரெக்டா இருக்காங்க” என்றார்.

“பாத்தியாமே, நம்ம மூஞ்சி ரெடிமேடு” என்றாள் பக்கத்துக் கடைக்காரி.

என் புடவையோடு, என் வளையலோடு நிற்க வைத்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டும்.

கதாநாயகிப் பெண் வந்தாள். நிஜமாகவே அந்த மலைப் பக்கத்துப் பெண். சின்ன உடம்பு. ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வசனம் படித்துக்கொண்டிருந்தாள். விளக்குத் தூக்குகிற பசங்க அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. “சைனாவுக்கு ஜூஸ் குடுரா” என்றான் ஒருவன். அவளைக் கிண்டல் பண்ணுவது தப்பு என்று படம் எடுக்கிற இடத்தில்தான் இது.

பக்கத்துக் கடைக்காரி என் காதைக் கடித்தாள். காதைக் கடிப்பதாக அவள் நினைப்பு. அது கூடம் முழுக்கக் கேட்டது.

“ஏம்மே, அந்தப் பொண்ணு கண்ணு தெறந்துகீதா, மூடிக்கீதா?”

நாங்கள் ஐந்து பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மறைத்துச் சொல்வதில் பிரயோஜனமில்லை.

கேமராவை நகர்த்த நேரம் பிடித்தது. அந்தப் பெண் எழுந்து, கருவாடு வைத்திருந்த தட்டிடம் வந்தாள். ஒரு நெத்திலியை எடுத்தாள். தலையைக் கிள்ளினாள். பொடுக்கென்றது. திருப்பி வயிற்றைப் பார்த்தாள். எனக்கு ஆச்சரியம்.

“இன்னாம்மா பாக்கறே?”

“வயிறு” என்றாள். “உடையல. நல்லா காய வெச்சிருக்காங்க.”

“தமிழ் பேசறியே!”

“நாலு வருஷம் இங்கதான் படிச்சேன் ஆன்ட்டி.” பிறகு பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துச் சொன்னாள். “கண்ணு திறந்துதான் இருக்கு.”

பக்கத்துக் கடைக்காரிக்கு முந்தானையைச் சரிசெய்கிற வேலை வந்துவிட்டது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அந்தப் பெண் நெத்திலியை அப்படியே வாயில் போட்டு மென்றுகொண்டு போனாள்.

காட்சி இதுதான். அவள் அடுப்பில் வாணலி வைத்துக் கருவாட்டு டப்பாவைத் திறப்பாள். திறந்ததும் கூடத்தில் இருக்கிற எல்லோரும் மூக்கைப் பொத்திப் பின்னால் போக வேண்டும். மாணவர்களும், நாங்களும். நான் நடு மேசையைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

டப்பா திறந்தது. மாணவர்கள் மூக்கைப் பொத்திப் பின்னால் போனார்கள். நாங்கள் ஐந்து பேரும் எட்டி முன்னால் போனோம். வேண்டுமென்று செய்யவில்லை. கருவாட்டு வாசனை வந்தால் சரக்கு எப்படி என்று பார்க்கத்தான் எங்கள் கழுத்து நீளும். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

“மே, ஒண்ணுகூட வயிறு வெடிக்கலமே!” என்றாள் பக்கத்துக் கடைக்காரி.

“கட்!”

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது தடவை ஒருத்தி டப்பாவுக்குள் கையே விட்டுவிட்டாள். மூன்றாவது தடவை பக்கத்துக் கடைக்காரி மூக்கைப் பொத்தினாள். என் கை மேசையிலேயே இருந்தது. மறந்துவிட்டேன். கருவாட்டுக்கு மூக்கைப் பொத்த என் கை கற்றுக்கொண்டதே இல்லை.

டைரக்டர் என்னிடம் வந்தார். கத்துகிற மனிதர் இல்லை.

“அம்மா, உங்களுக்குப் பிடிக்காத வாசனை ஏதாவது இருக்கும்ல? டப்பா திறக்கறப்ப அதை நினைச்சுக்குங்க. கை தானா போகும்.”

இருந்தது. என் வீட்டு மாடியில் தகரம் போட்ட ஓர் அறை உண்டு. அதில் வடக்கிலிருந்து வந்த மூன்று பேர் குடியிருக்கிறார்கள். எண்ணூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை. கடுகெண்ணெயில் சமைப்பார்கள். அது காயும்போது என் தொண்டை எரியும். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க நான் படியேறும்போதெல்லாம் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் ஏறுவேன். அவர்கள் பார்க்கட்டும் என்றே வைத்துக்கொள்வேன். கொஞ்ச நாளில் என் காலடி கேட்டாலே கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டுச் சமைக்க ஆரம்பித்தார்கள். தகரத்துக்குக் கீழே, சித்திரை வெயிலில். மரியாதை தெரிந்த பசங்க என்று நான் நினைத்தேன்.

அந்த எண்ணெயை நினைத்தேன். ஒத்திகையில் டப்பா திறந்தது. என் கை தானாக மேலே போனது. முந்தானை மூக்கில் இருந்தது. தலை ஒரு பக்கம் திரும்பியது.

“சூப்பர்மா! இதேதான்! டேக் போலாம்!”

அடுப்பருகில் நின்ற அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. தெரிந்த ஒன்றைத் திரும்பவும் பார்க்கிற மாதிரி பார்த்தாள். நான் என் கையைப் பார்த்தேன். பஸ்ஸில் என்னைப் பின்னாடி போகச் சொன்ன பெண்ணும் இப்படித்தான் முந்தானையைப் பிடித்திருந்தாள். விரல்கூட மாறவில்லை.

நான் முந்தானையை இறக்கி இடுப்பில் சொருகினேன்.

“நான் பொத்தமாட்டேன்” என்றேன்.

“இப்பதானம்மா அழகா செஞ்சீங்க?”

“அது தப்பு. இன்னொரு தபா செய்யமாட்டேன்.”

எங்களைக் கூட்டிவந்த தாடிக்கார இளைஞர் ஓடிவந்தார். “யக்கா, பேஜார் பண்ணாதக்கா. வெளிச்சம் போய்ட்டா இன்னிக்கி எல்லாரும் காலி. உன்கூட வந்தவங்களும் வெறுங்கையா போணும்.”

“அவுங்க பொத்தட்டும். நான் அவுங்கள இன்னா சொன்னேன்? என் கையத்தான் சொல்றேன்.”

டைரக்டர் அவரை விலக்கினார். பொறுமையாகத்தான் பேசினார்.

“அம்மா, இந்தப் படம் உங்க பக்கம் நிக்கிற படம். எல்லாரும் மூக்கைப் பொத்தினாத்தான் பாக்கறவனுக்கு உறைக்கும். இவ்வளவு கேவலமா நடந்துக்கறோமேன்னு வெட்கப்படுவான். அதுக்குத்தாம்மா.”

அவர் சொன்னது புரிந்தது. தப்பாகவும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒன்று சரிப்படவில்லை. அதைச் சொன்னேன்.

“அந்தப் புள்ளிங்க பொத்தட்டும் சார். அதுங்களுக்கு புதுத்துணி குடுத்தீங்க, மேக்கப்பு போட்டீங்க. அது வேசம். என்னிய என் பொடவையோட நிக்க வச்சிகீறீங்க. நான் இன்னா வேசம் கட்டிகீறேன்? நாளைக்கி பாக்கறவன், கருவாட்டுக்காரியே மூக்கப் பொத்தறா, அப்ப மெய்யாலுமே நாறத்தான் செய்யும்னு சொல்வான். அவன் எப்டி வெக்கப்படுவான்?”

டைரக்டர் தரையைப் பார்த்தார். மணியைப் பார்த்தார்.

“சரிம்மா. நீங்க அந்தத் தூணுக்குப் பின்னாடி போய் நின்னுக்குங்க.”

பின்னாடி. அந்த வார்த்தை வராமலிருந்தால் ஒருவேளை போயிருப்பேன்.

“மேசையத் தொடைக்கணும்னு நீங்கதான சொன்னீங்க. மேச இங்க கீது. தொடைக்கறவ இங்கதான் நிப்பா.”

“நான் வேணா ரெண்டு கையாலயும் பொத்தறேன் சார்” என்றாள் பக்கத்துக் கடைக்காரி. “அவுளுக்கும் சேத்து. என் மூக்கு ஒண்ணும் சொல்லாது.”

யாரோ சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கேமராக்காரரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். பிறகு, “போலாம்” என்றார்.

டப்பா திறந்தது. அத்தனை கைகளும் மேலே போயின. நான் துணியை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேராகப் பார்த்தேன். மூச்சை நன்றாக இழுத்தேன். என் நெத்திலி, என் உப்பு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஒரே தடவைதான் எடுத்தார்கள்.

முடிந்த பிறகு அந்தப் பெண் வந்தாள். தட்டில் மிச்சமிருந்ததைக் காட்டி, “இதை நான் எடுத்துக்கலாமா?” என்று கேட்டாள்.

“அது சினிமாக்காரங்களுது” என்றேன். என் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தேன். “இது என்னுது. வச்சிக்க.” கொடுத்துவிட்டுச் சொன்னேன். “காலைல நான் சிரிச்சேன். தப்பு.”

அவள் என்னையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப இன்னொண்ணு குடுங்க” என்றாள். கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் படியேறினேன். தொட்டியில் தண்ணீர் இருந்தது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஏறினேன். மேலே சாத்துகிற சத்தம் கேட்டது. முதலில் ஜன்னல், பிறகு கதவு. கதவைத் தட்டினேன். அவர்களில் பெரியவன் பாதி திறந்தான். நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது. என் முந்தானை எங்கே இருக்கிறது என்று பார்த்தான். இடுப்பில் இருந்தது.

“அம்மா, எண்ணெய்... பத்து நிமிஷம்... முடிஞ்சிடும்” என்றான் அரைத் தமிழில்.

“கதவ இன்னாத்துக்கு சாத்தறீங்க? வெந்து சாவறதுக்கா? தெறந்து வையி.”

அவனுக்குப் புரியவில்லை. நானே கதவைத் தள்ளித் திறந்தேன். உள்ளே போய் ஜன்னலையும் திறந்தேன். புகை என் முகத்தில் அடித்தது. தொண்டை எரிந்தது. இருமினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்று பேரும் பயந்து எழுந்து நின்றார்கள். கடுகெண்ணெய் எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்காது. கையைக் கீழேயே வைத்திருந்தேன். இருமி முடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

மறுநாளும் கதவைச் சாத்தினார்கள். அதற்கு அடுத்த நாளும் சாத்தினார்கள். நான் தினமும் போய்த் திறந்தேன். ஒரு வாரம் ஆயிற்று அவர்கள் நம்புவதற்கு.

படம் வந்தது. நானும் பக்கத்துக் கடைக்காரியும் திருவொற்றியூரில் பகல் ஆட்டத்துக்குப் போனோம். எங்களை வெட்டிவிட்டிருப்பார்கள் என்று நான் சொன்னேன். வெட்டவில்லை. கூடம் வந்தது, அடுப்பு வந்தது. அந்தப் பெண் டப்பாவைத் திறந்தாள். உடனே டப்பாவுக்குள் இருப்பதைத் திரை முழுக்கப் பெரிதாகக் காட்டினார்கள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். வயிறு வெடித்த மீன். கறுத்துப் போயிருந்தது. மேலே ஈ.

“அது நம்ம சரக்கு இல்லமே!” என்றாள் பக்கத்துக் கடைக்காரி. தியேட்டருக்கே கேட்டது. “வேற எட்த்துலேர்ந்து கொண்ணாந்து வச்சிகீறானுங்க!”

“உக்காருங்கம்மா” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

உட்கார்ந்தேன். எங்களை அனுப்பிவிட்டு, வேறு எங்கோ கெட்டதை வாங்கி வந்து தனியாக எடுத்திருக்கிறார்கள். அந்தத் தாடிக்காரருக்குக் கடைசியில் நாறுகிற கருவாடு கிடைத்துவிட்டது. அடுத்து கூடம் முழுக்கத் தெரிந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரி சொன்ன சொல் மாறாமல் இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள். நடுவில் நான். கை மேசையில். இரண்டு மூச்சு நேரம் வந்தேன். பக்கத்துக் கடைக்காரி திரையில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு இடைவேளை வரை அவள் பேசவில்லை. இருபது வருஷத்தில் அவள் அவ்வளவு நேரம் வாயை மூடி நான் பார்த்ததில்லை.

படம் விட்டு வெளியே வரும்போது காலேஜில் படிக்கிற மாதிரி இருந்த ஒரு பெண் என்னை நிறுத்தினாள்.

“ஆன்ட்டி, அந்த மேசை சீன்ல நீங்கதானே? எல்லாரும் பொத்தறப்ப நீங்க மட்டும் ஏன் பொத்தல? அவ்வளவு அழுகின மீனு!”

“அழுவுனது நீ பாத்த மீனு. நான் நின்னது என் மீனு முன்னாடி” என்றேன். “காசிமேட்டுக்கு வா. தலயக் கிள்ளிப் பாரு. அப்பால சொல்லு.”